மிளகாய்க்காம்புத் தயிர்

தேன்மொழி வீட்டுச் சமையலறைக்குள் நான் போகக்கூடாது. நாலு வருஷமாக இதுதான் சட்டம். சாதிப் பிரச்சினையும் இல்லை, சண்டையும் இல்லை. என் மேல் பால் பட்டிருக்கிறதாம். "அக்கா, அங்கயே நில்லுங்க, என்ன வேணும்னு சொல்லுங்க, நான் எடுத்தாரன்" என்று வழியிலேயே கையை நீட்டி மறித்துவிடுவாள். இண்டூரில் இருபத்திரண்டு வருஷமாக இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிற பானுமதி நான். பால் சொசைட்டியில் கருவி விட்டுப் பார்த்து என் பாலுக்கு டிகிரி குறைந்ததாகச் சரித்திரமே இல்லை. அப்படிப்பட்ட என்னைப் பால் பட்டவள் என்று ஒருத்தி ஒதுக்கி நிறுத்துகிறாள். முதல் தடவை எனக்கு வந்த கோபத்துக்கு அவளை நாலு வாங்கு வாங்கியிருப்பேன். வாங்கவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

தேன்மொழிக்கு முப்பத்திமூன்று வயது. எனக்குப் பக்கத்து வீடு. ஜாக்கெட் தைக்கிறாள். அளவு ஜாக்கெட் கொடுக்காமலே ஆளைப் பார்த்து வெட்டிவிடுவாள், அவ்வளவு கைநேர்த்தி. புருஷன் சத்யராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஒரே மகள் காவியா, ஒன்பது வயது. அவளும் ஓசூரில்தான், அத்தை யுவராணி வீட்டில் வளர்கிறாள். தேன்மொழி மட்டும் இங்கே புருஷன் வீட்டில், தையல் மிஷினோடு தனியாக இருக்கிறாள். கோர்ட்டு, கேஸ், தீர்ப்பு என்று ஒன்றும் கிடையாது. கேட்டால் "புள்ள அங்க படிக்குது" என்பாள். ஊரும் அதையே திருப்பிச் சொல்லும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் செய்கிற வேலை ஒன்று உண்டு. நிலக்கடலைப் பருப்பை முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சுருங்கியது, கறுத்தது, முனையில் லேசாகப் பூஞ்சை தட்டியது எல்லாவற்றையும் தூக்கி எறிவாள். தேறியதை இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீருக்குள்ளேயே கசக்கித் தோலை மிதக்கவிட்டு வடிப்பாள். அதற்கென்றே தனி மிக்ஸி ஜார், தனி வெள்ளைத் துணி, மூடி போட்ட தனி மண்சட்டி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தால் கெட்டியாகப் பால் இறங்கும். அதை அடுப்பில் வைக்கமாட்டாள். காய்ச்சினால் சுண்டல் வாசம் வந்துவிடுகிறது, திரிந்தும் போகிறது என்று பச்சையாகவே விட்டுவிடுவாள். பிறகு ஏழு பச்சை மிளகாயிலிருந்து காம்பைத் தொப்பியோடு கிள்ளி, கழுவித் துடைத்து, அந்தப் பாலில் மிதக்கவிட்டு, சட்டியை மூடிக் கேழ்வரகு டின்னுக்குள் கழுத்துவரை புதைத்துவைப்பாள். வெயில் காலத்தில் சாயங்காலத்துக்குள் உறைந்துவிடும். மார்கழிக் குளிருக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். மேலே கெட்டியாக நிற்கும், அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும். மாட்டுத் தயிர் மாதிரி கத்தியால் வெட்டுகிற பதமெல்லாம் வராது. வாயில் போட்டால் புளிப்பும் பச்சைக் கடலையும் சேர்ந்து ஒரு மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்காது. மாட்டுக்காரி நான், எனக்கு எப்படிப் பிடிக்கும்?

இதெல்லாம் யாருக்காக? ஓசூரில் இருக்கிற மகளுக்காக. அந்த மகள் நாலு வருஷத்தில் ஒரு வாய்கூட அதைச் சாப்பிட்டதில்லை.

காவியாவுக்குப் பிறந்ததிலிருந்தே பால் ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனால் போதும், உடம்பெல்லாம் தடித்துவிடும், மூச்சு இழுக்கும். பால், தயிர், நெய், பிஸ்கட் எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேன்மொழியும் கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தாள். ஆனால் அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகள் தயிர்சோறு சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து, ஐந்து வயதுக் குழந்தை தினமும் கேட்கும். "எனக்கு மட்டும் ஏன் வெள்ளச் சோறு இல்ல?" இதற்கு எந்தத் தாய் என்ன பதில் சொல்வாள்? போனில் தேடித்தேடி ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தாள் தேன்மொழி. கடலையில் தயிர், மிளகாய்க் காம்பு போட்டால் உறையும் என்று யாரோ ஒரு பெண் செய்து காட்டியிருந்தாள். பிள்ளைக்குக் கடலை நன்றாகவே ஒத்துக்கொள்ளும். அவித்த கடலையை மடி நிறையக் கட்டிக்கொண்டு தின்கிற பிள்ளை அது.

கடலைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டு, என்னிடம் வந்தாள். "அக்கா, காம்பு போட்டா நெசமாவே உறையுமா?"

நான் மாட்டுத்தொட்டியில் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். சிரித்துவிட்டேன். "காம்பு போட்டா தயிரா? அப்ப வாழைத்தண்டு போட்டா நெய்யாடி? உறைமோர் ஊத்தாம உலகத்துல எந்தத் தயிருடி உறைஞ்சிருக்கு?"

"மோரு ஆகாதுங்களே அவளுக்கு."

"குடிக்கவா சொன்னன்? உறைக்குத்தான? கரண்டி நுனியில தொட்டு வையி போதும். அது பாலும் இல்ல, தயிரும் இல்ல, வெறும் உறை. ஒரு பானைக்கு ரெண்டு சொட்டு. நீர் கருக்கி, மோர் பெருக்கி, நெய் உருக்கின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? பெருக்குன மோருல ஒண்ணும் கெடையாது, போடி."

இப்படித்தான் சொன்னேன், ஒரு சொல்கூட மாற்றவில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைத்த பிறகு எங்கள் ஊரில் யாரும் தயிரோ மோரோ வெளியே கொடுக்கமாட்டோம், வீட்டு லட்சுமி போய்விடும். அதனால் அவசரம் அவசரமாக நானே ஒரு கிண்ணத்தில் உறைமோர் ஊற்றி அவள் கையில் திணித்து, விளக்கு வைப்பதற்குள் அனுப்பிவிட்டேன். யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. என் வாய் இருக்கிறதே, அதில் சனிதான் குடியிருக்கிறான்.

மறுநாள் காலையில் காவியா கிண்ணம் நிறையத் தயிர்சோறு சாப்பிட்டாள். அரைமணி நேரத்தில் என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் பைக்கில் பிள்ளையை நடுவில் வைத்து, தேன்மொழியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தர்மபுரிக்குப் பறந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது பிள்ளை. பிழைத்ததே அந்த மாரியாத்தா புண்ணியம்.

சத்யராஜ் ஓசூரிலிருந்து வந்து, வார்டுக்கு வெளியே நின்று கேட்டான். "என்னா ஊத்தி உறைய வச்ச?"

"உறைமோருங்க" என்றாள் தேன்மொழி.

"யாரு ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நாந்தான் ஊத்துனன்."

நான் சாப்பாட்டுக் கூடையோடு அவளுக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் வாய் காட்டுகிறவள் நான், அன்றைக்கு மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பிள்ளைக்குச் சரியானதும் சத்யராஜ் ஓசூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தேன்மொழியும் பின்னாலேயே போனாள். நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டாள். "கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டும்ங்கறாங்க அக்கா. என் கையால தண்ணி குடிச்சாக்கூட அவருக்கு பயமா இருக்குதாம்." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு எந்த மூஞ்சி இருந்தது?

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஓசூருக்குப் போவாள். பார்க்கலாம், பேசலாம், தலை பின்னிவிடலாம். கையில் தின்பதற்கு எதுவும் கொடுக்கக்கூடாது. அதுதான் பேச்சு. பஸ் ஏறும்போது அவளைப் பார்க்க வேண்டுமே. எல்லா அம்மாக்களும் முறுக்கு, சீடை, அதிரசம் என்று தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு போவார்கள். இவள் தைத்த பாவாடை சட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டு வெறுங்கையோடு போவாள்.

"சாப்புடறப்ப பக்கத்துல உக்காந்துக்கலாமாம் அக்கா. யுவராணி ஊட்டுது. நான் பாத்துட்டு உக்காந்திருப்பன்" என்றாள் ஒருநாள். "ஒரே ஒரு உருண்டை. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரு உருண்டை உருட்டி அது வாயில வச்சுட்டா போதும்." பெற்றவள் கேட்கிற வரமா இது? எனக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிவது? என் மேல்தான்.

அப்போதுதான் மறுபடியும் கடலையை ஊறப்போட்டாள். இந்தத் தடவை காம்புதான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் சட்டி கஞ்சி மாதிரி வழுவழுவென்று நூல் விட்டது. இரண்டாவது, மேலே ரோஸ் நிறத்தில் ஆடை கட்டியது. மூன்றாவது பார்க்க நன்றாக இருக்கிறதே என்று தானே சாப்பிட்டுப் பார்த்து இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "விட்டுத் தொலையேன்டி, கடையில எதுனா டப்பாவுல விக்கும்" என்றேன். முறைத்தாள். பதினோராவது சட்டியில் உறைந்தது. அப்புறம் ஒவ்வொரு சட்டியையும் முதலில் அவளே சாப்பிட்டு, ஒருநாள் முழுக்கத் தன் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தன் வீட்டில் பாலையே நிறுத்திவிட்டாள். காலையில் வரக்காப்பி. பொங்கலுக்குப் பால் பொங்கவில்லை, வெறும் தண்ணீர் பொங்கியது. நான்தான் வெளியே நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன்.

ஒருதரம் துணிந்து ஒரு தூக்குப்போசியில் அதை ஓசூருக்கு எடுத்துப்போனாள். யுவராணி நல்ல பெண்தான், குறை சொல்லமாட்டேன். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க, அண்ணன் வுடமாட்டாரு" என்று மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பிள்ளை போசியையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அன்று சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்து, உப்புக்கூடப் போடாமல் அவ்வளவையும் தானே சாப்பிட்டுத் தீர்த்தாள் தேன்மொழி. "ஏன்டி, தலையெழுத்தா?" என்றேன். "எப்ப கூட்டியாந்தாலும் தயாரா இருக்கணும் அக்கா. வந்த அன்னிக்குப் போயி ஊறப்போட முடியுமா?" என்றாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த வருஷம் மே மாதம், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு இரண்டாவது வாரம். இண்டூரில் சத்யராஜின் பங்காளி வீட்டுப் புதுமனை புகுவிழா. காலை பதினோரு மணிக்குத் தேன்மொழி வாசலில் அவன் பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து காவியா இறங்கினாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். தேன்மொழி மிஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் கூட்டி வந்திருக்கிறான்.

"புதுமனைக்கு வந்தன். ஒரே கூட்டம். வெய்யில்ல இவ அங்க என்ன பண்ணுவா, சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்னு கூட்டியாந்தன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தான் சத்யராஜ். நான் சும்மா இருப்பேனா? எங்கள் வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

தேன்மொழி பிள்ளையைக் கட்டிப்பிடித்து, விட்டு, முகத்தைத் துடைத்து, மறுபடி கட்டிப்பிடித்தாள். அப்புறம் சமையலறைக்கு ஓடி மண்சட்டியோடு வந்தாள். "இதுல ஒரு சொட்டு மாட்டுப்பால் கெடையாதுங்க. காம்பு போட்டு உறைஞ்சது. நேத்தே நான் சாப்ட்டுப் பாத்துட்டன், எனக்கு ஒண்ணும் பண்ணல. நீங்க வேணா மொதல்ல சாப்ட்டுப் பாருங்க. ஒரே ஒரு உருண்டை குடுத்துக்கட்டுங்களா?"

சத்யராஜ் சட்டியைப் பார்த்தான். "இதெல்லாம் எதுக்கு? அவளுக்குத்தான் சரியாயிடுச்சே. இப்ப பாலே குடிக்கறா."

தேன்மொழி சட்டியைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"ஓசூர் ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாத்தாங்க. வளர வளர சில புள்ளைங்களுக்குப் போயிடுமாம். போன ஆனியிலயே சரியாயிடுச்சு" என்றான், பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

"போன ஆனியா?" என்றாள் தேன்மொழி. குரல் உயரவே இல்லை. "இப்ப சித்திரை முடியப்போவுதுங்க. அதுக்கப்பறம் பத்து வாட்டி வந்துட்டன். ஒரு வாட்டிகூட எங்கண்ணுல பாலைக் காட்டலியே, புள்ளையையும் சொல்லக்கூடாதுன்னுட்டீங்களா? அப்ப எதுக்குங்க என்னை வெறுங்கையோட வரச்சொன்னீங்க?"

அவன் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். எனக்குத்தான் வெடித்துவிட்டது. "ஏந்தம்பி, ஒரு போன் போட்டுச் சொல்ல வாய் வலிச்சுதா? உன் மேல காக்கா உக்காந்தா ஊருக்கே போன் போடுவியே! தப்பு யாரோடதுன்னு தெரியுமா உனக்கு? அன்னிக்கு உறைமோர் குடுத்தது நானு. ஊத்துடீன்னு சொன்னதும் நானு. இவ என் பேரை எடுக்கவே இல்ல. திட்டறதுன்னா என்னைத் திட்டு!" நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்தது, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"தெரியும்ங்கக்கா" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல். "அன்னிக்கே ஆஸ்பத்திரியில காவியா சொல்லிட்டா, பெரியம்மா கிண்ணத்துல குடுத்தாங்கன்னு. குடுத்தது யாரா இருந்தா என்னங்க? ஊத்துனது அவதான." சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்ல பயம். அப்பறம் அப்படியே பழகிப்போச்சு" என்றான்.

என் மனசாட்சிக்கு அவன் ஒரு கிழிந்த துணியளவு மதிப்புக்கூடத் தரவில்லை. தரவேண்டிய அவசியமும் இல்லைதான். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற காவியா, அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, பசிக்குது. அது என்ன சட்டி?"

தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தாள். காவியா நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். "அய்யய்யே! நல்லாவே இல்லம்மா."

தேன்மொழி சிரித்துவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! "நல்லாதான் இருக்காது கண்ணு. உனக்கு எது வேணும்?"

"தயிர்சோறு. நெசத் தயிர்."

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நான் ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படி ஓடியதில்லை. காலையில் உறைந்த கெட்டித் தயிரைச் சட்டியோடு தூக்கிவந்து வைத்தேன். நடு வீட்டில் பிள்ளையை உட்காரவைத்து, சோற்றை நன்றாக மசித்து, உப்புப் போட்டு, தயிரை ஊற்றிப் பிசைந்தாள். ஊற்றும்போது கை நின்றது. என்னைப் பார்த்தாள், தயிரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னாருதானங்க?" என்று வாசல் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஆமா, ஆமா" என்றான் சத்யராஜ். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஆமாம் என்றான். முதல் உருண்டையை உருட்டிப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

காவியா வாங்கிக்கொண்டாள். அவள் பாட்டுக்குப் பேசவும் ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் டான்ஸ் ஆடியது, டீச்சர் மாறியது, கடைவாய்ப்பல் விழுந்தது என்று வாய் ஓயவே இல்லை. தேன்மொழி இரண்டாவது உருண்டை ஊட்டினாள், மூன்றாவதும் ஊட்டினாள். ஆனால் அவளுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவள் மூச்சை நிறுத்தினாள். இடது கை பிள்ளையின் முதுகில், மூச்சு சீராக வருகிறதா என்று தடவிக்கொண்டே இருந்தது. ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது, அதை அனுபவிக்கத்தான் அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அழுகை எனக்குத்தான் வந்தது.

"அம்மா, கேக்கறன்ல? சொல்லேன்" என்றாள் காவியா.

"என்ன கண்ணு? என்ன கேட்ட?"

"ரெண்டு வாட்டி கேட்டுட்டன். நீ என் கழுத்தையே பாத்துட்டு இருக்க. லீவு முடியற வரைக்கும் நான் இங்கயே இருக்கட்டுமா?"

தேன்மொழியின் கையிலிருந்த உருண்டை தட்டிலேயே விழுந்தது. தயிர் பிசைந்த கையோடு எழுந்து வாசலுக்குப் போனாள். நாலு வருஷமாக அந்த மனுஷனிடம் ஒவ்வொன்றையும் கேட்டுக்கேட்டு நின்றவள், அன்றைக்குக் கேட்கவில்லை.

"புள்ள இங்கயே இருக்கட்டுங்க. லீவு முடிஞ்சதும் நானே கூட்டியாந்து வுடறன்."

சத்யராஜ் அவள் கையைப் பார்த்தான். எழுந்து பைக்குக்குப் போய், பக்கவாட்டில் மாட்டியிருந்த காவியாவின் பையைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்தான்.